காபி கசக்கவில்லை... ஆனால், ருசிக்கவும் இல்லையா?

நல்ல டிகிரி காபி. சூடும் சர்க்கரையும் கச்சிதம். குடித்து முடித்த பிறகும் 'அப்பாடா!' என்றொரு திருப்தி இல்லை. பேரக்குழந்தை ஓடிவந்து மடியில் ஏறுகிறது. மனசுக்குள் துள்ளல் இல்லை. "அழுகை வரலை... துக்கமும் இல்லை. ஆனா, எதுலயும் மனசு ஒட்டலை" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்கிறார்களா? 'வேலை வெட்டி இல்லாததால வந்த சோம்பேறித்தனம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்!

மனச்சோர்வு என்றாலே மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் என்று நினைக்கிறோம். டாக்டர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு முக்கிய அறிகுறிகள் இரண்டு. ஒன்று, சோகம். இன்னொன்று, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது. ஆக, கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமலேயே மனச்சோர்வு இருக்கலாம்! இன்பம் வற்றிப்போகும் இந்த நிலைக்கு 'அன்ஹிடோனியா' என்று 1896-ல் பெயர் வைத்தவர், பிரெஞ்சு உளவியல் அறிஞர் தியோடூல் ரிபோ.

சந்தோஷத்துக்குத் தெர்மாமீட்டரா?

இருக்கிறது! 1995-ல் இங்கிலாந்து மனநல மருத்துவர் ஸ்னெய்த்தும் அவர் குழுவினரும் வெளியிட்ட 'ஸ்னெய்த் - ஹாமில்டன் இன்ப அளவுகோல்' அது. மொத்தம் 14 விஷயங்கள். பிடித்த சாப்பாடு, பூ வாசனை, வெதுவெதுப்பான குளியல், சொந்தபந்தங்களோடு பேச்சு, நாலு பேர் பாராட்டுவது... எல்லாமே சின்னச் சின்ன சுகங்கள்தான். கடந்த சில நாட்களின் மனநிலையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'செய்தீர்களா?' என்று கேட்பதில்லை, 'கிடைத்தால் ரசிப்பீர்களா?' என்றுதான் கேட்கிறார்கள். அதனால், படுக்கையில் இருப்பவரும் பதில் சொல்லலாம். 'ரசிக்க மாட்டேன்' என்னும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால், கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். இது அளவுகோல்தானே தவிர, நோயைத் தீர்மானிக்கும் தீர்ப்பு அல்ல. அதை டாக்டர்தான் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எதற்காக அளக்க வேண்டும்?

சிகிச்சை ஆரம்பித்ததும் தூக்கம் திரும்பலாம், பசி திரும்பலாம். வீட்டிலும் 'சரியாயிடுச்சு' என்று நிம்மதியாகி விடுவார்கள். சந்தோஷம் மட்டும் திரும்பாமலே இருக்கும். அதைக் கேட்டு அளந்தால்தானே தெரியும்? சிகிச்சைக்கு நடுவே மதிப்பெண் குறைந்தால் முன்னேற்றம். குறையாவிட்டால் டாக்டர் சிகிச்சையை மாற்றி யோசிப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்பத்திலும் இரண்டு வகை. ஒன்று, 'போகணும்' என்ற எதிர்பார்ப்பு. மற்றொன்று, போன இடத்தில் கிடைக்கும் ரசனை. சிலருக்குக் கோயிலுக்குக் கிளம்பவே மனசு வராது. போய்விட்டால் கொஞ்சம் லேசாகும். அதனால்தான், 'மனசு வந்தா செய்யலாம்' என்று காத்திருக்காமல், தினம் ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்யச் சொல்கிறது ஒரு சிகிச்சை முறை. பத்து நிமிட நடை போதும். நீங்களும் கூடவே நடங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது...

* இரண்டு வாரம் தொடர்ந்து இப்படியே இருந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

* "உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்காதீர்கள். "முன்னெல்லாம் எது பிடிச்சது, இப்போ எது பிடிக்கலை?" என்று கேளுங்கள்.

* "இருந்து என்ன ஆகப்போகுது?" என்ற பேச்சு வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.