சிறுகோளுக்குப் பெயர் வைப்பது நாசா அல்ல

பள்ளி மாணவர்களுக்கான சிறுகோள் தேடல் முகாமில் சேர இந்த மாதக் கடைசிவரைதான் அவகாசம். அதையொட்டிப் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஏற்கெனவே கலந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்திருக்கிறது. ‘மகள் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குத் தாத்தா பெயரை வைக்க வேண்டும். நாசாவுக்கு எப்படி எழுதுவது?’ என்று கேட்கிறார்கள்.

நாசாவுக்கு எழுதிப் பயனில்லை. பெயரை ஏற்பதும் மறுப்பதும் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு. சிறுகோள் கணக்கைப் பராமரிக்கும் மையத்துக்கு நாசா பணம் தருகிறது; பெயர் விஷயத்தில் முடிவு அதன் கையில் இல்லை. முகாம் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் ‘கண்டுபிடிப்பு’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிள்ளை பார்த்துச் சொன்னது, பெரும்பாலும், இன்னும் உறுதியாகாத ஒரு முதற்கட்டப் பதிவுதான்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள சிறுகோள் மையம் அப்படிப்பட்ட பதிவுக்கு முதலில் தருவது ஒரு குறியீடு. 2025 தொடக்கத்தில் பூமியில் மோதுமோ என்று பேசப்பட்ட ‘2024 ஒய்ஆர்4’ நினைவிருக்கும். ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரித்து, ஆங்கில எழுத்துகளில் ஐ, இசட் இரண்டையும் நீக்கிவிட்டு, மீதியை வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒய் கடைசி எழுத்து என்பதால் டிசம்பர் பிற்பாதி. அடுத்த எழுத்து, அந்த அரைமாதத்தில் எத்தனையாவது பதிவு என்பதற்கு. இங்கே ஐ மட்டும் கிடையாது. 25 எழுத்தும் தீர்ந்தால் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கிப் பக்கத்தில் எண் போடுவார்கள். 4 என்றால் நான்கு சுற்று, அதாவது நூறு முடிந்துவிட்டது. ஆர் 17-ஆவது எழுத்து. ஆக, இது 117-ஆவது பதிவு. 1925-ல் வகுத்த முறை இது. தொலைநோக்கிகள் தானாகவே வானத்தை அலசும் இன்றைய காலத்துக்கும் ஈடுகொடுக்கிறது.

ஆனால் குறியீடு கிடைத்ததாலேயே உரிமை வந்துவிடாது. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, சுற்றுப்பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். அதற்குள் அந்தப் பொருள் தொலைந்தும் போகலாம். ஒரே சிறுகோளை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து, ஒன்றென்று தெரியாமலே மூன்று நான்கு குறியீடுகள் கொடுத்திருப்பதும் உண்டு. கணக்குப் போட்டு எல்லாம் ஒன்றே என்று தெரிந்த பிறகு அவற்றில் ஒன்றுதான் முதன்மையானதாகும். கண்டுபிடித்தவர் என்ற தகுதி அந்தக் குறியீட்டுக்குரியவருக்கு மட்டுமே. என்னை உறுத்துவது இதுதான். விதியைக் குறை சொல்லவில்லை. யாரோ ஒருவருக்குத்தான் தர முடியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் சான்றிதழைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த பிறகு, பெயர் எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறதே!

எண் கிடைத்துவிட்டால், பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டு உரிமை. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர்.ராஜமோகன் கண்டுபிடித்ததுதான் ‘4130 ராமானுஜன்’. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் கென்ஸோ சுஸுகி கண்டுபிடித்த ஒன்றுக்கு 4538 என்ற எண் வந்தது, பெயர் வரவில்லை. பத்தாண்டு கடந்தால் மற்றவர்களும் முன்மொழியலாம். சிறுகோள் மையத்தைச் சேர்ந்த சதுரங்க ரசிகர் மைக்கேல் ருடென்கோ முன்மொழிய, 2015-ல் அது ‘விஷியானந்த்’ ஆனது. ஆங்கிலத்தில் எழுதும்போது இடைவெளி உட்பட 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. விஸ்வநாதன் ஆனந்த் என்று முழுதாக எழுதினால் 17.

எண் பெற்றவை எட்டு லட்சத்துக்கு மேல். பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்தான். ஒருவர் பொதுவாக இரண்டு மாதத்துக்கு இரண்டு பெயர்களே அனுப்பலாம் என்பதால் இந்த இடைவெளி சீக்கிரம் குறையாது.

‘தமிழ்நாட்டு மாணவர் பெயரில் சிறுகோள்’ என்ற செய்திகள் பொய்யா? பொய்யல்ல. அமெரிக்காவின் லீனியர் என்ற தேடல் திட்டம், தான் கண்டுபிடித்தவற்றுக்குச் சர்வதேச அறிவியல் போட்டியில் பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சிறுகோளைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். நாசாவும் இதில் வரவில்லை.

தாத்தா பெயரை வைக்கலாமா? வைக்கலாம், அவர் யார் என்று சில வரிகளில் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

வ.உ.சி. பெயர்? அரசியல், ராணுவத்தால் அறியப்பட்டவர்களுக்கு மறைந்து 100 ஆண்டு ஆக வேண்டும் என்பது விதி. எனவே 2036 நவம்பர்வரை பொறுக்க வேண்டும்.

வீட்டு நாய், பூனை? ‘2309 மிஸ்டர் ஸ்பாக்’ என்று ஒருவர் தன் பூனையின் பெயரை வைத்த பிறகு, வேண்டாம் என்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயர்? விளம்பரமாக இருந்தால் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து வேறு ஏதாவது? 1861-ல் சென்னை வானாய்வகத்தில் என்.ஆர்.போக்சன் கண்டுபிடித்த 67-ஆவது சிறுகோளுக்குப் பெயர் ‘ஆசியா’. இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

கட்டணம் எவ்வளவு? ஒரு பைசாகூட இல்லை. பெயர் வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.