‘மே’ என்றால் ‘லாம்’ மட்டும்தானா?

(மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவன், தொண்டி)



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம் துறையில் ஆள் நிறைய உண்டு. எனக்குக் கவிதை வராது. ஆகவே இங்கிலீஷ் பாடத்திலிருந்தே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது சொற்களைக் கட்டம் போட்டு, பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்வோமே, அந்த மோடல் வினைச்சொற்கள்தான் இன்றைய விஷயம்.

தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டம் பெரிய உதவி. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒர்க்‌ஷாப்பிலும் போனிலும் நோட்டீஸ் போர்டிலும் நாம் பார்க்கிற இங்கிலீஷில் மோடல் தனியாக வருவது குறைவு. பக்கத்தில் ஒரு அட்வெர்ப் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பின்னால் ஒரு ப்ரெபொசிஷன் வரும். மோடலின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தச் சின்னச் சொல்தான். கட்டத்தில் அதற்கு இடமே கிடையாது.

நம் மொழியில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ‘போகலாம்’, ‘போகணும்’, ‘போக முடியும்’, ‘போகக்கூடும்’. எல்லாம் வினைக்குப் பின்னால்தான். வாக்கியத்தின் கடைசிக்கு வந்தால்தான் அனுமதியா, கட்டாயமா, சந்தேகமா என்றே தெரியும். ‘போகலாம்’ என்பதுகூட ‘போகல் ஆம்’ என்ற இரண்டு சொல் சேர்ந்து ஒன்றானது. ‘வேண்டும்’ முதலில் விரும்புதல் என்ற பொருளில் இருந்து, பிறகு கட்டாயத்துக்கு வந்தது. இங்கிலீஷிலும் இதே கதைதான் என்பது ஆச்சரியம்! ‘வில்’ பழைய இங்கிலீஷில் விரும்புதல். ‘கேன்’ என்றால் தெரிந்திருத்தல். ‘ஷல்’ என்றால் கடன்பட்டிருத்தல். கடன்பட்டவன் கொடுத்தே தீரவேண்டும் அல்லவா? சட்டப் புத்தகத்தில் ‘ஷல்’லுக்கு இன்றும் இருக்கிற கண்டிப்பு அந்தக் கடனை ஞாபகப்படுத்துகிறது.

தொல்லை ‘நாட்’ என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. இலக்கணப்படி அதுவும் ஒரு அட்வெர்ப்தான். ‘மஸ்ட்’, ‘நீட்’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ‘வேண்டும்’ என்றே அர்த்தம் எழுதுகிறோம். ஆனால் ‘நாட்’ சேர்ந்தவுடன் இரண்டும் வேறு வேறு திசையில் போய்விடுகின்றன. ‘யூ மஸ்ட் நாட் ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்றால் அணைக்கவே கூடாது. ‘யூ நீட் நாட் ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்றால் அணைக்கத் தேவையில்லை, அணைத்தாலும் குற்றமில்லை. நம் பேச்சில் இரண்டுக்கும் ‘ஆஃப் பண்ண வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘வேண்டாம்’ அவ்வளவு தாராளமான சொல்! மெஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அந்தத் தாராளம் ஆகாது. ‘கூடாது’, ‘தேவையில்லை’ என்று பிரித்துச் சொன்னால்தான் கைக்குப் பாதுகாப்பு.

தமிழிலும் இப்படித் திசை மாறுகிற சொல் இருக்கிறது. ‘மழை வரக்கூடும்’ என்பது சந்தேகம். ‘உள்ளே வரக்கூடாது’ என்பது தடை. ஒரே ‘கூடு’தான், எதிர்மறை சேர்ந்ததும் ஆளே மாறிப்போகிறது. ஆகவே இங்கிலீஷ்காரனை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி மற்ற அட்வெர்புகள். ‘இட் மே ரெய்ன்’ என்றால் மழை பெய்யலாம். ‘இட் மே வெல் ரெய்ன்’ என்றால்? இந்த ‘வெல்’லுக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை, நன்றாக என்ற அர்த்தமும் இல்லை. ‘பெய்தாலும் பெய்யும், குடையை எடுத்துக்கோ’ என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான். நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று ‘மே’யை ஒரு படி மேலே தூக்குகிறது. கூடவே ‘ஆஸ்’ சேர்ந்துவிட்டால் கதையே வேறு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, ‘வீ மே ஆஸ் வெல் வாக்’ என்றால் ‘இதுக்கு நடந்தே போயிடலாம்’ என்று அர்த்தம். நம்முடைய ‘நடந்தே’ என்பதில் உள்ள ஏகாரம் செய்கிற வேலையை அங்கே ‘ஆஸ் வெல்’ செய்கிறது.

‘ஹார்ட்லி’ இன்னொரு கள்ளன். ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ என்பதில் ‘கேன்’ இருப்பதால் காது கேட்கிறது என்று நினைத்துவிடுவோம். கஷ்டப்பட்டுக் கேட்கிறான் என்றும் சிலர் சொல்வார்கள். உண்மையில் அநேகமாக ஒன்றுமே கேட்கவில்லை! ‘நாட்’ இல்லாமலேயே மறுப்பு வந்துவிட்டது. ‘யூ ஹேட் பெட்டர் கோ’ என்பதும் இப்படித்தான். ‘ஹேட்’ இருப்பதால் நடந்து முடிந்த கதை போலத் தெரியும். ஆனால் ‘நீ இப்பவே கிளம்பிட்டா நல்லது’ என்று லேசாக மிரட்டுகிற பேச்சு. இதைப் பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ‘ஐ வுட் ராதர் ஸ்டே’ என்றால் ‘இருந்துடறதே மேல்’. இதில் மிரட்டல் இல்லை.

‘ஒன்லி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாமெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போடுகிற சொல் அது. ஹெல்மெட்டோடு மட்டுமே உள்ளே போகலாம் என்ற வாசகத்தில் ‘மே’ இருந்தாலும் அது ஒரு தடைதான் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ப்ரெபொசிஷன் பக்கம் வருவோம். ‘யூ மஸ்ட் ஃபினிஷ் பை ஃபைவ்’ என்றால் 5 மணிக்குள் முடிக்கணும். 3 மணிக்கே முடித்தால் வீட்டுக்குப் போகலாம். ‘யூ மஸ்ட் ஒர்க் அன்டில் ஃபைவ்’ என்றால் 5 மணி வரைக்கும் வேலை நடக்கணும். 3 மணிக்குக் கிளம்பினால் சம்பளத்தில் கை வைப்பார்கள். ‘மஸ்ட்’ ஒன்றேதான், ‘க்குள்’, ‘வரைக்கும்’ என்ற வித்தியாசத்தைச் சின்னச் சொல் செய்கிறது. ‘ஐ குட் டூ வித் எ டீ’ என்றால் ஒரு டீ கிடைத்தால் நன்றாயிருக்கும். ‘ஐ கேன் டூ விதவுட் யுவர் அட்வைஸ்’ என்றால் உன் புத்திமதி இல்லாமலே நான் பார்த்துக்கொள்வேன். இடையில் ஒரு விஷயம்: ‘மஸ்ட் டு கோ’, ‘கேன் ஏபிள் டு கோ’ என்று நம் பக்கம் சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். ‘மஸ்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது, ‘ஆட்’டுக்குத்தான் வரும். ‘கேன்’ இருந்தால் ‘ஏபிள்’ எதற்கு? ஒரே சுமைக்கு இரண்டு கூலி!

இதெல்லாம் வெறும் பரீட்சை விஷயம் என்று நினைக்கிற நண்பர்களுக்காக ஒரு சரித்திரம் சொல்கிறேன். நம் மாநிலமே ஒரு காலத்தில் ஒரு மோடலுக்காகக் கொந்தளித்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு இந்தியை ஆட்சிமொழி என்றது. 1950 ஜனவரி 26-லிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றது. அந்தத் தொடர்ச்சிக்கு அங்கே போட்டிருந்த சொல் ‘ஷல்’. 15 ஆண்டு முடிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தபோது 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் மூன்றாவது பிரிவில் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படும் என்பதற்கு ‘மே’ என்று எழுதினார்கள். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாவும் தி.மு.க.வினரும் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘மே’ என்றால் நாளைக்கு வருகிற அரசு ‘மே நாட்’ என்றும் படிக்கலாமே என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் ‘மே’க்கு ‘ஷல்’ என்றே பொருள் என்று பிரதமர் நேரு சொன்னார். அப்படியானால் ‘ஷல்’ என்றே போட்டுவிடலாமே என்று திருப்பிக் கேட்டார்கள். சொல் மாறவில்லை, சட்டம் நிறைவேறியது.

நேரு சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். இடத்தைப் பொறுத்து ‘மே’ கட்டாயமாகவும் ஆகலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. லண்டனில் பிரபுக்கள் சபை 1880-லேயே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போய்த்தான் அர்த்தம் தெரியும் என்றால் சாதாரண ஜனங்கள் என்ன செய்வது? என் மனசு கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் சாய்கிறது.

1965 ஜனவரி 26 நெருங்கியபோது அன்றைய சென்னை மாநிலத்தில் போராட்டம் வெடித்தது. முன்னால் நின்றவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள். உயிர்கள் போயின. பிறகு 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு கடிதப் போக்குவரத்து நடத்த ஆங்கிலம் பயன்படுத்தப்படவேண்டும் என்பதற்கு இந்தத் தடவை ‘ஷல்’ போட்டார்கள். அதோடு விடவில்லை. அப்படிப்பட்ட எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, அதைப் பார்த்துப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடுகிற வரைக்கும் இந்த ஏற்பாடு நீடிக்கும் என்றார்கள். ‘ஷல்’ கதவைப் பூட்டியது என்றால் ‘அன்டில்’ சாவியை மாநிலங்களின் கையிலும் கொடுத்தது. 1976-இல் வந்த ஆட்சிமொழி விதிகளைப் பாருங்கள். அவை இந்தியா முழுவதற்கும் செல்லும், தமிழ்நாடு நீங்கலாக என்று ஆரம்பத்திலேயே இருக்கிறது. அங்கேயும் ஒரு ‘ஷல்’, பக்கத்தில் ஒரு ‘எக்ஸெப்ட்’!

நம் தொழிலுக்கும் இது பொருந்தும். கான்கிரீட் வேலைக்கு நாம் பிரிக்கிற ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஸ்டாண்டர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு: ‘ஷல்’ வந்தால் கட்டாயம், ‘ஷுட்’ வந்தால் சிபாரிசு, ‘மே’ வந்தால் அனுமதி. (கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் கவனிக்க: இன்டர்நெட் விதிமுறைகளிலும் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ என்ன அர்த்தம் என்று 1997-லேயே தனியாக ஒரு ஆவணம் எழுதி வைத்துவிட்டார்கள்.) கடற்கரையை ஒட்டிக் கட்டுகிற இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தபட்சம் எம் 30 கிரேடு இருக்கவேண்டும் என்கிறது அந்தப் புத்தகம். அங்கே ‘ஷல்’லோடு ‘அட் லீஸ்ட்’ வருகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் என்றால் க்யூரிங் 7 நாள், அதற்கும் ‘ஷல்’, ‘அட் லீஸ்ட்’. இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்தால் 7 என்பது தரை. 10 நாள் நனைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை, 6 நாளில் நிறுத்தினால் கேட்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம் கடல் தண்ணீர் பற்றியது. கலவைக்கும் நனைப்பதற்கும் கடல் தண்ணீர் சிபாரிசு செய்யப்படவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, தவிர்க்கவே முடியாத நிலையில் கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு, வரக்கூடிய கெடுதல்களை யோசித்த பிறகு, பயன்படுத்தலாம் என்று ஒரு ‘மே’ வருகிறது. நல்ல தண்ணீர் லாரியில் வந்து இறங்குகிற ஊரில் அந்த ஒரு ‘மே’யை மட்டும் படித்துவிட்டு ‘புத்தகமே பயன்படுத்தலாம்னு சொல்லுது’ என்று ஒருவர் சொன்னால் வீடு என்ன ஆகும்? உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதி கான்கிரீட் பிளக்கும். ‘மே’யைச் சுற்றிக் காவலுக்கு நிற்கிற ‘அண்டர்’, ‘வித் நோ’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்களைச் சேர்த்துப் படித்தவன்தான் அந்த வரியைப் படித்தவன்.

கடைசியாகக் கடல். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா பாக் நீரிணையில் நாட்டுப்படகில் போகிறவர். வானிலை அறிக்கை போனில் இங்கிலீஷில் வந்தால் என்னிடம்தான் நீட்டுவார். “தம்பி, போகலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லு” என்பார். அதை மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘லைக்லி’ என்று போட்டால் நடக்கிற வாய்ப்பு 25-லிருந்து 50 சதவீதம். ‘வெரி லைக்லி’ என்றால் 50-லிருந்து 75. ‘மோஸ்ட் லைக்லி’ என்றால் 75-க்கு மேல். ‘லைக்லி’ மோடல் இல்லை, ஆனால் ‘மே’ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ‘வெரி’ என்ற ஒரு சொல் 25 சதவீதம் பெறும்! இதே ‘லைக்லி’யைப் பருவநிலை மாற்றம் பற்றி ஆராய்கிற ஐ.நா. குழு எழுதினால் 66 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். யார் எழுதியது என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

மூன்றையும் ‘காற்று அடிக்கலாம்’ என்று ஒரே தமிழில் சொன்னால் அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது. வாடைக் காற்றை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ‘லைக்லி’க்கு ‘அடிச்சாலும் அடிக்கும்’ என்கிறேன். ‘வெரி லைக்லி’ வந்தால் ‘அடிக்கிற மாதிரிதான் இருக்கு’. ‘மோஸ்ட் லைக்லி’ வந்தால் ‘அடிச்சிரும்ப்பா’. முதல் இரண்டுக்கும் அவர் வாசலில் போய் நின்று வானத்தைப் பார்க்கிறார், சில நாள் போகிறார், சில நாள் போவதில்லை. மூன்றாவதைச் சொன்ன நாளில் வானத்தைப் பார்ப்பதில்லை, படகை மேலே இழுக்க ஆள் கூப்பிடப் போகிறார்.