எண் சொல்லி விடைபெறுவதா, முறிந்து நிற்பதா?

இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஓரமாக ஒரு சிறுபோகத்து மாலையில் நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்தவன் கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவரின் மகன். கணினி பயிலும் மாணவன். மெயின்பிரேம் எனும் பெருங்கணினியோடு வெளிநாட்டில் பல்லாண்டுகள் மல்லாடிவிட்டு ஊர் திரும்பியவன் நான் என்பதை அறிந்து, அவன் ஒரு கேள்வியைப் போட்டான்.

"சேர், ஒரு செய்நிரல் பிழையொண்டைக் கண்டால், அதை ஒரு இலக்கத்தாலை சொல்லிப்போட்டு முடியிறது நல்லதோ, இல்லாட்டி முறிஞ்சு விழுறது நல்லதோ?"

1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளின் காலந்தொட்டு இருந்துவரும் வினா இது. இரவு நேரத்துத் தொகுதிப் பணி பல படிகளாக ஓடும். ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும்: 0 எனில் நலம், 4 எனில் எச்சரிக்கை, 8, 12, 16 என ஏற ஏறக் கேடு. மற்றையது 'ஆபெண்ட்' எனப்படும் அசாதாரண முடிவு. எண் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்து, அதைக் கொண்டு கணக்கிட முயன்றால், இயந்திரமே 0சி7 என்று குறித்து அப்படியே நிறுத்திவிடும்.

என் கதையைச் சொன்னேன். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் செய்நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். 0சி7 வந்து விழுவது எழுதியவனுக்கு இழுக்கென்று கருதிய காலம் அது. ஆகவே தொகைக்குரிய இடத்தை முன்கூட்டியே சோதித்து, பழுதிருந்தால் 12 என்று எழுதி அமைதியாக முடியும்படி செய்திருந்தேன். ஓரிரவு பட்டியலின் நடுவில் அத்தகைய பழுது வந்தது. செய்நிரல் நான் சொன்னபடியே 12 என்று சொல்லி ஓய்ந்தது.

ஆனால் இயக்க முறைமையின் கண்ணில் அது இயல்பான முடிவு! முறிந்திருந்தால் அரைகுறைக் கோப்பை அழித்துவிடுமாறு ஜே.சி.எல். கட்டளையில் எழுதியிருந்தோம், முறியவில்லையாதலால் அக்கோப்பு முழுமையானதுபோலப் பட்டியலில் பதிவாயிற்று. தரவுத்தளம் சம்பந்தப்பட்ட பணிகளிலும் இதே ஆபத்துண்டு: இயல்பாக முடிந்தால் மாற்றங்கள் உறுதியாகும், முறிந்தால் பழைய நிலைக்கு மீளும். அடுத்த படியில் 12ஐக் கவனிக்கும் நிபந்தனையை எவரும் எழுதியிருக்கவில்லை. (அந்த நிபந்தனையும் தலைகீழானது: அது உண்மையானால் படி ஓடாது, தவிர்க்கப்படும். எத்தனை பேருடைய நித்திரையை அது கெடுத்ததோ!) விடிந்தபோது பட்டியலின் பிற்பாதியில் இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை.

"அப்ப எல்லாத்துக்கும் முறியவேணுமோ?" என்றான்.

அதுவுமன்று. இன்றைக்குக் கோப்பில் பதிவு ஒன்றுமில்லை என்பதற்கெல்லாம் முறிந்தால், நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பப்படுபவன் நாளடைவில் காரணம் பாராமல் மீண்டும் ஓடவிடப் பழகிவிடுவான். அத்தகையவற்றுக்கு 4 போதும். பின்வரும் படிகள் நம்பியிருக்கும் பொருளே கெட்டுவிட்டதென்றால் மட்டும், 4095 வரையுள்ள பயனர் குறிகளில் ஒன்றைச் சொல்லி, செய்நிரல் வேண்டுமென்றே முறியவேண்டும் என்பது என் கட்சி. எண்ணைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். முறிவுக்கு அது வேண்டியதில்லை.

சற்றுத் தொலைவில் வாய்க்காற்கரை உடைந்து, தண்ணீர் யாருக்கும் பயனின்றிப் பற்றைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பையன் கைபேசியை எடுத்துத் தகப்பனுக்குச் செய்தி எழுதத் தொடங்கினான். இரண்டு சொல் எழுதியவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மதகை மூடச் சொல்லத் துருசுப் பக்கமாக ஓடினான்.