இச்சாமதிக் கரையில் ஓரிரவு

நகர வாழ்க்கையில் நமக்குக் கிட்டாத பொருள்களுள் தலையாயது இருட்டு என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட்டிலும் நள்ளிரவிலும் விளக்கு அணைவதில்லை. இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுள் பலர் விண்மீன்களைப் புத்தகத்தில் கண்டவர்களேயன்றி வானத்தில் கண்டவர்களல்லர். ஆண்டுக்கொருமுறை கோடை விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது காட்டிக்கொள்ளலாம் என்று நாமும் ஒத்திப்போடுகிறோம். ஊரிலும் உறவினர் வீடுகளுக்குச் சென்று வருவதிலேயே விடுமுறை கழிந்துவிடுகிறது.

மேனாட்டார் இக்குறையைத் தீர்க்க ஒரு வழி கண்டனர். அமெரிக்காவில் பெருநகரங்களை அடுத்த மாநில வனப் பூங்காக்கள் பலவற்றில், சமையலறையும் படுக்கையும் உள்ளமைந்த பெருவண்டிகளை நிறுத்துவதற்கென்றே மரநிழலில் இடம் வகுத்து, குடிநீரும் மின்சாரமும் அளிக்கின்றனர். நம் நாட்டிலும் கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இத்தகைய ‘காரவன்’ சுற்றுலாவுக்குத் திட்டம் வகுத்தது. கொல்கத்தாவில் வாழும் நமக்கோ அவ்வளவு பெரிய வண்டி வேண்டுவதில்லை. சியால்தாவில் ரயிலேறி ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பன்காவ் சேர்ந்து, அங்கிருந்து பாக்தா செல்லும் சாலையில் மோட்டார் வண்டியில் சென்றால், இச்சாமதி ஆற்றங்கரையில் பார்மதன் என்னும் சிறு காட்டை அடையலாம். நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுதான்.

காடு என்றவுடன் புலியையும் யானையையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். சில மணி நேரத்தில் சுற்றிவரத்தக்க சிறு வனம் இது. 1964-ஆம் ஆண்டில் 14 புள்ளிமான்களை இங்கே கொணர்ந்து விட்டனர். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று மந்தையாக மேய்கின்றன. இலவும், வாகையும், அர்ஜுன மரமும் ஓங்கி நிற்கின்றன. அர்ஜுனம் வேறன்று, நம் ஊர் ஆற்றங்கரைகளில் நிற்கும் மருதமரமே அது. அதனைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். காவிரிக் கரையிலும் இச்சாமதிக் கரையிலும் ஒரே மரம் நிற்பதை அறிந்த பிள்ளைக்கு இந்த மண் அயலாகத் தோன்றாது.

1995-ஆம் ஆண்டில் இவ்வனத்திற்கு விபூதிபூஷண் வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர் சூட்டினர். ‘பாதேர் பாஞ்சாலி’ எழுதிய விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் குடும்ப இல்லம் பன்காவை அடுத்த பாரக்பூர் கிராமத்தில் இருந்தது. இந்த ஆற்றின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவருடைய நாவல், அவர் 1950-இல் மறைந்த பின்னர் ரவீந்திரப் பரிசு பெற்றது. அவர் இளமையில் பாகல்பூர்ப் பக்கத்தில் ஒரு ஜமீன்தாரின் காட்டு நிலங்களை மேற்பார்க்கும் வேலையில் இருந்தார். அந்த அனுபவத்தினின்று பிறந்தது ‘ஆரண்யக்’. தமிழில் அதனை த. நா. சேனாபதி ‘வனவாசி’ என்னும் பெயரில் மொழிபெயர்த்துள்ளார். கல்கத்தாவிலிருந்து வேலை தேடிச் சென்ற இளைஞன் ஒருவன் காட்டின்மீது காதல் கொள்கிறான். ஆனால் அக்காட்டைத் துண்டுதுண்டாக்கிக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவதே அவனுக்கு இட்ட பணி. தான் நேசித்த காட்டைத் தன் கையாலேயே அழிக்கும் ஒருவனுடைய துயரம் அந்நூலின் உயிர். அவ்வாசிரியரின் பெயரைத் தாங்கிய காட்டில் கால்வைக்கும் நாமும் அந்தத் துயரத்தைச் சிறிது எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

எண்ணுவதற்குக் காரணங்கள் வழியெங்கும் உள்ளன. காரில் செல்வோர் யசோர் சாலை வழியே செல்வர். அதன் இருமருங்கிலும் பல தலைமுறை கண்ட பெருமரங்கள் கைகோத்து நிழல் பரப்புகின்றன. சாலையை அகலமாக்கவும் ரயில் பாதைக்கு மேலே பாலங்கள் கட்டவும் அவற்றுள் 300-க்கும் மேற்பட்டவற்றை வெட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 2023-இல் அனுமதியும் கிடைத்தது. ரயில் வாயிலில் காத்துக்கிடக்கும் நோயாளி வண்டிக்குப் பாலம் வேண்டும் என்பாரையும், நூற்றாண்டு நிழலை மீண்டும் நட முடியுமோ என்பாரையும் நாம் ஒருங்கே மதிக்கத்தான் வேண்டும். எனினும், இருக்கும் நிழலை அனுபவித்தறியாத பிள்ளைகள் நாளை எந்தக் கட்சியிலும் நின்று பேச இயலாது.

ஆற்றின் நிலையும் அத்தகையதே. மாதாபாங்கா ஆற்றினின்று பிரியும் இடத்தில் மணல் மேடிட்டமையால் இச்சாமதிக்கு வரவேண்டிய நீர் குன்றிவிட்டது. பல இடங்களில் வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. படகில் மறுகரை சென்றால் மங்கள்கஞ்சில் பழைய அவுரித் தொழிற்கூடம் ஒன்றின் சிதைந்த மாளிகையைக் காணலாம். நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடுமாறு வெள்ளையர் வற்புறுத்தியதை எதிர்த்து, 1859-60-ஆம் ஆண்டுகளில் நதியா, யசோர் மாவட்டத்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தீனபந்து மித்திரரின் ‘நீல் தர்ப்பண்’ நாடகம் 1860-இல் அக்கொடுமையை உலகுக்கு உரைத்தது. நீலச் சாயம் மறைந்தது. செங்கற் சுவர்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

இரவு தங்க விரும்புவோர்க்கு வனத்துறையின் விடுதி உண்டு. முன்கூட்டியே பதிவு செய்தல் நலம். மங்கள்கஞ்ச் கரையில் கூடாரம் அமைத்துத் தங்க வசதி செய்துதருவோரும் உள்ளனர். கார்த்திகைப் பிற்பகுதி முதல் மாசி வரை ஏற்ற காலம். மார்கழி, தை மாதங்களில் ஆற்றங்கரைப் பனி கடுமையாதலால் குழந்தைகளுக்குக் கம்பளியும் காதுமூடியும் இன்றியமையாதவை. வங்கதேச எல்லை அண்மையில் இருப்பதால் பெரியவர்கள் அடையாள அட்டையை உடன் வைத்திருத்தல் வேண்டும். இரவில் கைவிளக்கின்றி நடத்தல் கூடாது. பாம்புக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, காலடியைப் பார்த்து வைப்பதே.

உணவைப் பற்றி நம் இல்லத்தரசியருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. புளியோதரையும் தயிர்ச்சாதமும் வழிப்பயணத்திற்கென்றே பிறந்தவை. வங்காளியர் குளிர்காலத்தில் வெளியே சென்று கூடியுண்பதை ‘போன்போஜோன்’ என்பர். அது நம் வனபோஜனமே. ஆனால் காட்டினுள் அடுப்பு மூட்டுவதும், ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பதும், எஞ்சிய உணவை மான்களுக்கு எறிவதும் அறவே தகாதன. நெகிழிப் பையைத் தின்ற மான் பிழைப்பதரிது. கொண்டுசென்ற குப்பையைக் கொண்டுவருவதே விருந்தினர் முறை.

அக்காலத்தில் ஊர்ப்புறத்து ஈச்சமரங்களில் கலயம் கட்டியிருப்பார்கள். அதன் சாற்றைக் காய்ச்சிய வெல்லமே ‘நொலேன் குட்’. நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம். அதனை வாங்கி உண்ணுங்கள். பச்சைச் சாற்றை மட்டும் பருகாதீர்கள். இரவில் வௌவால்கள் கலயத்தில் வாய்வைப்பதால் நிபா என்னும் கொடிய நோய் அதன் வழியே பரவக்கூடும். 2007-இல் நதியா மாவட்டத்தில் அந்நோய் உயிர்களைப் பலிகொண்டதை மறத்தலாகாது.

சங்கத்தின் குடும்பங்கள் நான்கைந்து கூடிச் சென்றால் செலவும் குறையும், குழந்தைகளுக்குத் துணையும் கிடைக்கும். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் பேசாதிருக்கச் சொல்லுங்கள். முதலில் அஞ்சுவர்; பின்னர் கண் பழகும்; அதன்பின் வானம் தெரியும். கிழக்கே எழும் மூன்று மீன்களைக் காட்டி, ஊரில் தாத்தா பாட்டியர் அதனை மிருகசீரிடம் என்பர் என்று சொல்லுங்கள். அதே விண்மீன்கள் தஞ்சையிலும் நெல்லையிலும் அன்றிரவே எழும். பிறந்த ஊரையும் பிழைக்கும் ஊரையும் இணைப்பதற்கு அதனினும் எளிய பாடம் இல்லை.