வெருகு ஒழிந்த தீவு

அவுஸ்திரேலியாவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையே தென்சமுத்திரத்தில் மக்குவாரி என்றொரு தீவு உளது. நீளம் 34 கிலோமீற்றர்; மரம் ஒன்றேனும் இல்லை. 1810 இல் கண்டறியப்பட்ட அத்தீவிற்குக் கடல்நாய் வேட்டைக்காரர் கப்பலேறிச் சென்றனர். அவர்களோடு பூனைகளும் சென்று காடேறின. பழந்தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். அப்பெயர் இவற்றுக்கும் பொருந்தும். 1870களின் இறுதியில் உணவுக்கென முயல்களையும் விட்டனர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பூனைகள் குடியேறிப் பல்லாண்டு கழிந்தும் அத்தீவிற்கே உரிய கிளியினம் அழியாதிருந்தது. முயல் வந்தபின் இருபது ஆண்டுக்குள் அது அற்றுப்போயிற்று. காரணம் யாது? கடற்பறவைகள் அகலும் குளிர்காலத்தில் பூனைகள் முன்னர் இரையின்றி மெலிந்தன. முயல் அக்குறையைத் தீர்த்தது, பூனை பெருகிற்று, கிளி மாண்டது என்பர் ஆய்வாளர். முயலோ கிளியைத் தீண்டவுமில்லை!

1978 இல் முயல்களிடையே மிக்சோமா வைரசைப் பரப்பினர். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தவை 1980களில் இருபதினாயிரத்துக்கும் குறைந்தன. பூனைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கடற்பறவைகளைக் கொல்வதாகவும் மதிப்பிடப்பட்டது. பறவைகளின்பாற் கொண்ட இரக்கத்தால் 1985 இல் பூனையொழிப்புத் தொடங்கிற்று. 2000 ஆம் ஆண்டிற் கடைசிப் பூனையும் கொல்லப்பட்டது.

பயன் இல்லாமற் போகவில்லை. நூறாண்டுக்கு மேலாக அங்குக் குஞ்சு பொரியாதிருந்த சாம்பல் நிறப் பெத்திரல் பறவை மீண்டும் கூடு கட்டிற்று. ஆயின் முயல்கள் 2006 அளவில் மறுபடியும் இலட்சத்தைத் தாண்டின. உயர்ந்த புற்புதர்களும், முன்னாளிற் கடலோடிகளின் நோய் தீர்த்த தீவுக்கோவாவும் வேரோடு அரிக்கப்பட்டன. பற்றுக்கோடிழந்த மலைச்சரிவு 2006 இல் பெருமழையிற் சரிந்து பெங்குவின்களைப் புதைத்தது.

பூனையொழிப்பே இதற்கு முழுக் காரணம் என்று 2009 இல் எழுந்த வாதத்தைச் சில அறிஞர் மறுத்தனர். வைரசின் வலி குன்றியதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். அம்மறுப்பிலும் நியாயமுண்டு. எனினும், முயலை விட்டுவிட்டுப் பூனையை மட்டும் முதலில் ஒழித்த முறைமை தவறென்றே யான் கருதுகின்றேன்.

பின்னர் ஏறத்தாழ இரண்டரைக் கோடி அவுஸ்திரேலிய டொலர் செலவில் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒருங்கே அழிக்கத் துணிந்தனர். ஹெலிகொப்டர்கள் நஞ்சிரை தூவின. எஞ்சிய முயல்களை நாய்கள் மோப்பம் பிடித்தன. அந்நஞ்சுக்குப் பறவைகள் பலவும் இரையாயின. 2014 இல் தீவு இவற்றினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. தீவுக்கோவா சரிவுகளில் மீண்டும் தழைத்துள்ளது.