சேற்றில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஆபீஸ் போகிறவரா நீங்கள்? எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவே ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு! தண்ணீர் சாதுவாத்தான் தெரியும். விவகாரமெல்லாம் அடியில் இருக்கு சார்!

திருவள்ளூர் மாவட்ட அத்திப்பட்டில் 1994-ல் வடசென்னை அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பினார்கள். குழாய் ஒழுக ஒழுக, சாம்பல் ஆற்றில் படிந்தது. கூடவே ஈயம், ஆர்சனிக், பாதரசம்... மின்வாரியமே பொறுப்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் சொல்லிவிட்டது.

குப்பை மட்கும், உலோகம் மட்காது. சேற்றில் போட்டால் ஃபிக்ஸட் டெபாசிட்தான். தூர்வாரிக் கலக்கினால் மறுபடி வெளியே வரும். சேற்றுப் புழு, அதைத் தின்னும் நண்டு, மீன், அப்புறம் நாம்! பாதரசம் ஒவ்வொரு படியிலும் வட்டி போட்டு ஏறும். ஜப்பானில் மினமாட்டா ஊர்க்காரர்கள் மீன் தின்றே நரம்பு பாதித்துத் துடித்தது 1956-ல் வெளியே தெரிந்தது.

நம்ம ஆற்றில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்தபடி, இதே சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

"தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சு, சுத்தம்!" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"சேத்தைப் பார்த்தீங்களா?"