போர் விமானியின் பாராசூட்டைத் திருப்பி ஓட்ட முடியாதா?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானங்கள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் விமானி கைப்பிடியை இழுப்பார். ராக்கெட் அவரை இருக்கையோடு வெளியே தூக்கி வீசும். பாராசூட் தானாக விரியும்.

எங்கே இறங்குவார்?

வட்டமான பாராசூட் பெரும்பாலும் காற்று போற பக்கம்தான் போகும். கீழே இருப்பது வயலா, தென்னந்தோப்பா, மின்கம்பியா என்பதை விமானி தேர்வு செய்ய முடியாது. 2019 பிப்ரவரி 27-ல் மிக்-21-லிருந்து வெளியேறிய அபிநந்தன், எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கியது நினைவிருக்கும்.

அப்போ கிளைடிங் பாராசூட் வைக்கலாமே?

ஸ்கைடைவர்கள் கயிற்றை இழுத்துத் திருப்பி ஓட்டுவது அதைத்தான். ஆனா அவர்கள் தயாராகக் குதிப்பவர்கள். போர் விமானி மயங்கியிருக்கலாம், கை முறிந்திருக்கலாம். ஓட்ட ஆளில்லாத கிளைடிங் பாராசூட், காற்றும் பின்னாலிருந்து தள்ளினால், வேகமாகத் தரையில் மோதும்.

எப்படிச் சோதிப்பார்கள்?

மனித பொம்மைகளை வைத்து. 2025 டிசம்பரில் சண்டிகரில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில், விமானி வெளியேறும் அமைப்பை டிஆர்டிஓ சோதித்தது.

கிளைடிங் பாராசூட்டுக்கும் முதல் பரீட்சை இதுதான்: அசைய முடியாத விமானியையும் அது பத்திரமாக இறக்க வேண்டும்.